மூடியை மாற்றியது நான்தான்

ஜூன் 6

எங்கள் குடும்பத்தின் ஒரே படித்த ஆளான வாத்தியாரம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. அம்மாவுக்குக் கண்ணில் புரை இன்னும் முற்றவில்லையாம், முற்றினால்தான் அறுவைச் சிகிச்சையாம், அதுவரை உன் கடிதங்களை நான்தான் படித்துக்காட்டுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை செல்களுக்கு ஊட்டிவிட்டு நீ பட்டினியா?

பேப்பரில் உன்னைப் பற்றி வந்த செய்தியைக் கத்தரித்துக் கடைக்குக் கொண்டுபோனேன். மெத்தைக் கடையில் ஒரு வசதி. வாங்க வருகிறவர் படுத்துப் பார்ப்பார், படுத்தவர் சட்டென்று ஓட முடியாது. "சார், கடல் முள்ளெலி கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்று பிடித்துக்கொள்வேன். நேற்று ஒருவர், "எலி இருக்கிற கடையிலயா மெத்தை வாங்கச் சொல்றே?" என்று எழுந்தே போய்விட்டார். முதலாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

நான் சொல்வது சரியா என்று பார். மீன் செல்லைத் தட்டில் போட்டுச் சத்துநீர் ஊற்றினால் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், வருஷக்கணக்காகப் பெருகும். முள்ளெலியின் செல் பிடிவாதக்காரி. தட்டில் உயிரோடு கிடப்பாள், பிரியமாட்டாள், கொஞ்ச நாளில் கண்ணை மூடிவிடுவாள். யார் தட்டிலும் அவள் மசியவில்லை. பத்து வருஷம் போராடி என் மகள் தட்டில் மசிந்தாள். இவ்வளவுதானே?

ஜனவரியில் நான் உங்கள் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் தீவுக்கு வந்தபோது ஆய்வகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நிறுத்திவைத்து, "உள்ள வராதீங்கப்பா, நீங்க மூச்சு விட்டாலே எல்லாம் கெட்டுப்போயிடும்" என்றாயே, ஞாபகம் இருக்கிறதா? பத்தாம் வகுப்பை அத்தனை பிடித்துப்போய் இரண்டு முறை படித்தவன் நான். எனக்கு அந்தக் கண்ணாடியே பெரிய மரியாதை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அப்பா


ஜூன் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்காலுக்கு வைத்தியரிடம் போங்கள், மாடிப்படியோடு சண்டை வேண்டாம்.

முதலில் திருத்தம். முள்ளெலி எலி இல்லை, நட்சத்திர மீனுக்குப் பங்காளி. வாடிக்கையாளரிடம் அதையாவது சொல்லியிருக்கலாம். மற்றபடி நீங்கள் எழுதியது ஏறக்குறையச் சரி. பிப்ரவரியில் சத்துநீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன், அதன் பிறகுதான் பிரிய ஆரம்பித்தது. அதனால் உப்புதான் சூட்சுமம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறேன்.

வேறு ஆய்வகங்களிலிருந்து செல் கேட்டு எழுதுகிறார்கள். அனுப்பும் முன், இது இன்ன உயிரின் செல்தான் என்று ஒரு மரபணுப் பரிசோதனை செய்து சான்று வைக்க வேண்டும். வெறும் சம்பிரதாயம். அடுத்த வாரம் செய்கிறேன். நிலையத்தின் இயக்குநர் அம்மா எனக்காகப் புதிதாக ஒரு கட்டடமே கேட்டு வாங்கிவிட்டார். இரண்டு பெண்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள், என்னோடு வேலை செய்யவேண்டும் என்றே வந்தவர்கள். அப்பா, இந்த மாதிரி சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

அம்மாவுக்கு முத்தம்.
மகள்


ஜூலை 19

அன்பு மகளுக்கு,

இங்கே இருவரும் உருண்டுகொண்டிருக்கிறோம். உன்னிடமிருந்து நாலு வாரமாக ஒரு வரி இல்லை. புகழ் வந்ததும் அப்பாவை மறந்துவிட்டாய் என்று கடையில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அம்மா விடவில்லை. "தபால் வந்துச்சா?" என்றாள். வந்தது என்றேன். "என்ன எழுதியிருக்கா?" மின்சாரக் கட்டண ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, நீ நன்றாகச் சாப்பிடுவதாகவும் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டதாகவும் படித்தேன். "பெருத்துட்டாளா? நல்லவேளை" என்றாள். ஆகவே தயவுசெய்து கொஞ்சம் பெருத்துக்கொள். என் மானம் போய்விடும்.

முதலாளி அந்தச் செய்தித் துண்டைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டார். நீ படித்ததற்கும் எங்கள் மெத்தைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

நலம் என்று ஒரு சொல்லாவது எழுது.
அப்பா


ஆகஸ்ட் 3

அப்பாவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை.

கடையில் மாட்டிய துண்டை எடுத்துவிடச் சொல்லுங்கள். காரணம் கேட்க வேண்டாம்.

ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். என் சான்றிதழ்கள், பரிசுகள், அம்மா பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர், கைக்கடிகாரம். இங்கே அறை சின்னது, வைக்க இடம் இல்லை. சைக்கிளை நிலையத்துச் சமையல்காரருக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு இனித் தேவைப்படாது.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மகள்


ஆகஸ்ட் 15

என் தங்கமே,

பெட்டி வந்தது. நாங்கள் நலமா என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன், நலம்.

துண்டை எடுத்துவிட்டேன். முதலாளி, "ஏன்யா?" என்றார். வெயிலில் மஞ்சளாகிறது என்றேன். கல்லாவுக்கு மேலே வெயில் எங்கே வருகிறது என்று அவர் யோசிப்பதற்குள் ஒரு வாடிக்கையாளர் வந்து காப்பாற்றினார்.

ஸ்வெட்டரை அம்மா தடவிப் பார்த்தாள். "குளிர் வரப்போகுது, இத ஏன் திருப்பி அனுப்பிட்டா?" என்றாள். பெருத்துவிட்டாய் அல்லவா, பத்தவில்லை என்றேன். பார், ஒரு பொய் எப்படி இன்னொன்றுக்குக் கைகொடுக்கிறது.

ஆனால் கைக்கடிகாரத்துக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அது வைக்க எவ்வளவு இடம் வேண்டும்? கையில் கட்டிக்கொண்டால் போதுமே. பெட்டியை மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன்.

என்ன ஆச்சு, கண்ணு? எழுது. எனக்குப் புரியாது, அதுதான் வசதி. சுவரிடம் சொல்கிற மாதிரி சொல்லிவிடலாம். சுவரைவிட நான் ஒரு படி மேல், முழங்கால் வலித்தாலும் தபால் நிலையம்வரை நடந்துபோய்ப் பதில் போடுவேன்.

காத்திருக்கும்
அப்பா


ஆகஸ்ட் 30

அப்பா,

சுவரிடம் சொல்வதாகவே வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் தெரியக்கூடாது. அம்மாவுக்கும்.

பரிசோதனை செய்தேன். என் தட்டில் இருப்பது முள்ளெலி இல்லை. மீன்.

ஒரே அறையில் இரண்டையும் வளர்க்கிறேன். மீனுக்குத் தனிச் சத்துநீர்ப் புட்டி, நீல மூடி. முள்ளெலிக்குத் தனிப் புட்டி, பச்சை மூடி. ஒன்றில் விட்ட உறிஞ்சுகுழாயை, பிப்பெட்டை, மற்றதில் விடக்கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நான்தான் இதைச் சொல்லித்தருவேன். பிப்ரவரியில் சரக்குப் படகு வரவில்லை, புட்டிகள் தீர்ந்துபோயின. மீனுக்குத் திறந்த புட்டியிலிருந்தே முள்ளெலிக்கும் ஊற்றினேன். ஒருமுறைதானே என்று நினைத்தேன். நாலைந்து மீன் செல்கள் அதில் மிதந்திருந்தால் போதும். கடலளவு உப்பில் அவை செத்திருக்கும். நான்தான் அப்போது உப்பைக் குறைத்துக்கொண்டிருந்தேனே! முள்ளெலிச் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்தன, மீன் பெருகியது. நான் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன். மீன்தான்.

தினமும் காலையில் வாழ்த்துகிறார்கள். கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள், அந்தச் சத்தம் அறைவரை கேட்கிறது. அந்த இரண்டு பெண்களும் நான் பேசுவதைக் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து வேறு எதையோ சொல்கிறேன். இப்போதும் அந்தச் செல்களுக்குத் தவறாமல் ஊட்டுகிறேன். அவை என்ன பாவம் செய்தன?

சாயங்காலம் வடக்குப் பாறைக்குப் போகிறேன். அங்கே யாரும் வாழ்த்துவதில்லை. தண்ணீர் கருப்பாக, ஆழமாக இருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்தால் மனசு அமைதியாகிறது.

வராதீர்கள். கடல் கொந்தளிப்பு, பயணிகள் படகு இல்லை.
மகள்


செப்டம்பர் 9

என் கண்ணே,

நான்கு முறை படித்தேன். புரியாது என்று ஜம்பமாகச் சொன்னேன், எல்லாம் புரிந்துவிட்டது.

தொலைபேசியில் உங்கள் நிலையத்தைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். காற்றில் கம்பி அறுந்து கிடக்கிறதாம். கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் படகுத்துறைக்குப் போனேன். சீட்டு கொடுக்கிறவர், "பயணிகள் படகு அக்டோபர் கடைசியிலதான்" என்றார்.

"சரக்குப் படகு போகுதே?"

"அதுல சரக்கு மட்டும்தான்."

"நானும் சரக்குதாங்க. மெத்தைன்னு எழுதி ஏத்திக்குங்க."

"பெரியவரே, அலை எவ்வளவு உயரம்னு பாத்தீங்களா? மெத்தை மிதக்கும். நீங்க மிதப்பீங்களா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், விட முடியவில்லை. "முதல்ல உக்காருங்க பெரியவரே" என்று என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

அந்தப் பாறைப் பக்கம் போகாதே. பாசி பிடித்திருக்கும், வழுக்கும். அதற்காகத்தான் சொல்கிறேன்.

இந்தக் கடிதம் கொண்டுவரும் படகு மறுநாள் திரும்பும். அதில் ஒரு வரி போடு. திட்டி எழுது. வெறும் காகிதத்தையாவது மடித்துப் போடு, உன் கையெழுத்தில் முகவரி இருந்தால் போதும்.

அப்பா


செப்டம்பர் 23

மதிப்பிற்குரிய இயக்குநர் அம்மாவுக்கு,

இதற்குக் கீழே படிக்காதீர்கள். முதலில் ஒரு ஆளை என் மகளின் அறைக்கு அனுப்புங்கள். அங்கே இல்லையென்றால் வடக்குப் பாறைக்கு. ஆள் கிளம்பின பிறகு மீதியைப் படியுங்கள்.

வணக்கம். நான் மெத்தை விற்பவன். தங்கள் நிலையத்தில் முள்ளெலி ஆராய்ச்சி செய்யும் பெண்ணின் தகப்பன். தாங்கள் நலமாக இருக்க வேண்டும். நலம் விசாரிப்பதைப் பின்னால் வைத்ததற்கு மன்னிக்க வேண்டும்.

அந்தத் தட்டில் பெருகுவது முள்ளெலி இல்லை, மீன் என்று என் மகள் கண்டுபிடித்துவிட்டாள். யாரிடமும் சொல்லாமல் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிகிறாள். அது அவள் செய்த தப்பு இல்லை. நான் செய்தது. ஜனவரியில் அவளைப் பார்க்க வந்தபோது, உள்ளே போகாதே என்று அவள் சொல்லியும், அவள் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து நுழைந்துவிட்டேன். இரண்டு புட்டிகள் திறந்திருந்தன. பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜாதியா நான்? உதவி செய்கிறேன் என்று மூடினேன். மூடியை மாற்றியது நான்தான். நீலத்தைப் பச்சைக்கும் பச்சையை நீலத்துக்கும் போட்டுவிட்டேன். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

அவளைத் திட்டாதீர்கள். என் மேல் எந்த நடவடிக்கை எடுத்தாலும் சரி. நேற்று வந்த தபால் மூட்டையில் எனக்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
தகப்பன்


அக்டோபர் 6

அப்பா,

உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

யாருக்கும் தெரியக்கூடாது என்று எழுதினேன். நீங்கள் இயக்குநருக்கே எழுதினீர்கள். அதையாவது உண்மையாக எழுதக்கூடாதா?

சரக்குப் படகு சாயங்காலம் வந்தது. நான் பாறையில் இருந்தேன். செருப்பைக் கழற்றி வைத்திருந்தேன், கால் நனைக்கத்தான். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால் இயக்குநர் அம்மா வீட்டுச் செருப்போடு பாறைமேல் ஏறி வருகிறார். அவருக்குப் பின்னால் சமையல்காரர், கையில் கரண்டியோடு. என்னவோ ஏதோ என்று நான் நிற்க, இயக்குநர் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார், "உங்கப்பா மூடிய மாத்திட்டாராமே?"

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! "எங்கப்பாவா? அவர் உள்ளயே வரல! அவருக்கு எது நீலம் எது பச்சைன்னே தெரியாது! கடையில விரிப்புக் கலர்கூட முதலாளிதான் எடுத்துத் தருவார்!" என்று கத்தினேன். அலைக்கு மேலே கத்தினேன். "அவர் வந்தது ஜனவரி. நான் புட்டிய எடுத்தது பிப்ரவரி. செஞ்சது நான்!" கத்திக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். நேராக ஆய்வகத்துக்குப் போய் மூன்று பரிசோதனை முடிவுகளையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் மூன்றையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "எப்ப தெரிஞ்சது?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அழுதேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதி என் பெயரில் அனுப்பிவிட்டேன். அஸ்திவாரக் குழியை மூடுகிறார்கள். அந்த இரண்டு பெண்களை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஒருத்தி என்னைக் கண்டால் சுற்றிப் போகிறாள். டிசம்பரோடு என் வேலை முடிகிறது, பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது. தட்டுகளை நானே கொதிகலத்தில் வைத்து அழித்தேன். பத்து வருஷம், அப்பா.

நான் தேறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். தூக்கம் இல்லை. சமையல்காரர் சைக்கிளைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார், அதைப் பார்த்தாலும் அழுகை வருகிறது. ஆனால் உங்கள் பொய் நிலையத்துக் கோப்பில் இருக்கிறது. யாரோ மூடியை மாற்றியதால் நடந்தது என்று எழுதி வைத்தால், நாளைக்கு இன்னொருத்தி என்னைப் போலவே ஒரே புட்டியிலிருந்து ஊற்றுவாள். உடனே இயக்குநருக்கு மறுப்பு எழுதுங்கள். எழுதி எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

முழங்கால் எப்படி இருக்கிறது? கோபம் தீரவில்லை. சும்மா கேட்கிறேன்.
மகள்


அக்டோபர் 18

என் வாத்தியாரம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படகுத்துறையிலேயே நின்று பிரித்தேன். உன்னைப் பெற்ற நாளிலிருந்து இவ்வளவு திட்டு நான் வாங்கியதில்லை. இத்தனை இனிப்பாக ஒன்றைக் கேட்டதும் இல்லை.

நீ கேட்ட நகல்:

"மதிப்பிற்குரிய இயக்குநர் அம்மாவுக்கு, செப்டம்பர் 23 அன்று நான் எழுதியது பொய். நான் ஆய்வகத்துக்குள் நுழையவில்லை. எந்த மூடியையும் தொடவில்லை. கண்ணாடிக்கு வெளியேதான் நின்றேன். என் மகள் சொல்வதே உண்மை. பாறைவரை ஏறிய தங்கள் கால்களுக்கும், கரண்டி பிடித்த அந்தக் கைக்கும் கும்பிடு."

பத்து வருஷம் போனதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. போகட்டும் விடு என்று சொல்ல நான் யார்? போனது உன்னுடையது. கடையில் வேலை செய்யும் நேரத்தில் யோசித்துப் பார்த்தேன், ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை. பொய்யும் கைவசம் இல்லை.

அம்மாவுக்கு உன் கடிதத்தை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் படித்துக்காட்டினேன். முதல் கடிதத்திலிருந்து எல்லாவற்றையும் படித்தேன். முடித்ததும் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"செருப்ப ஏன் கழட்டினா?"

"கால் நனைக்கத்தான்னு எழுதியிருக்காளே."

"நீங்க அத நம்புறீங்களா?"

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். அவள் எழுந்துபோய்த் தடவித் தடவிப் பெட்டியில் துணி வைக்க ஆரம்பித்தாள். அந்த ஸ்வெட்டரை மேலாக வைத்தாள்.

முதல் பயணிகள் படகு இருபத்தேழாம் தேதி. இரண்டு சீட்டு வாங்கியாயிற்று. இம்முறை சரக்காக இல்லை, மனிதர்களாகவே வருகிறோம். முதலாளி எத்தனை நாள் என்று கேட்டார், தெரியாது என்றேன். உன் அறையில் இடம் இல்லையென்றால் நடைகூடத்தில் படுத்துக்கொள்கிறோம், தரையில் படுப்பதைப் பற்றி எனக்கு ஒருவரும் பாடம் எடுக்க வேண்டாம். நீ பேச வேண்டியதில்லை. கோபமாகவே இரு, டிசம்பர்வரை வேண்டுமானாலும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். படகு வருகிற நேரத்துக்குத் துறைக்கு நீயே வா. சமையல்காரரை அனுப்பாதே. பெட்டி தூக்க வேண்டாம், சிரிக்க வேண்டாம், எங்களிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவும் வேண்டாம். அம்மாவுக்குத் தூரத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும், அதனால் நான் அவளுக்குச் சொல்லியாக வேண்டும். படகிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் நில்.

அப்பா